டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானப் பயணம்: தூரம் ஒன்று, பயண நேரம் பல... காரணம் என்ன?

புதுடெல்லி: டெல்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்திற்கும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ சர்வதேச விமான நிலையத்திற்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 12,380 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஒரு பயணிகள் விமானம் இத்தூரத்தை 14 மணி நேரத்திற்குள் கடந்துவிட வேண்டும். ஆனால், நேரடி விமானத்திற்கான பயணச்சீட்டில் ஏறத்தாழ 16 மணி நேரம் எனக் குறிப்பிடப்படுகிறது. சில நாட்களில் அதைவிடக் குறைவாகவும், சில காலங்களில் அதைவிட அதிகமாகவும் ஆகிறது.

இந்த வேறுபாடு விமானத்தின் வேகத்தினால் ஏற்படுவதன்று. மலைகள், காற்று, அண்டை நாடுகளின் வான்வெளி, பாதுகாப்பு விதிகள் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒரு விமானம் உண்மையில் கடக்கும் தூரத்தையும் நேரத்தையும் தீர்மானிக்கின்றன. பிள்ளைகளைக் காணச் செல்லும் முதிய பெற்றோர், விசா கெடுவுக்குள் திரும்ப வேண்டிய பணியாளர்கள், வகுப்பு தொடங்குவதற்குள் சேர வேண்டிய மாணவர்கள் எனப் பலரும் நாடும் வழித்தடம் என்பதால், இக்கணக்கைப் புரிந்துகொள்வது பயணத் திட்டமிடலுக்குப் பெரிதும் உதவும்.

ஒரு பார்வையில்

* மிகக் குறுகிய தூரம்: சுமார் 12,380 கி.மீ. (ஏறத்தாழ 6,685 கடல் மைல்)
* காற்றின் தாக்கம் இல்லாத கணக்கில் பறக்கும் நேரம்: சுமார் 13 மணி 45 நிமிடம்
* நேரடி விமானத்தின் வழக்கமான பயண நேரம்: ஏறத்தாழ 16 மணி நேரம்
* நேர வேறுபாடு: குளிர்காலத்தில் 13 மணி 30 நிமிடம், கோடைக்காலத்தில் 12 மணி 30 நிமிடம் (இந்திய நேரம் முந்தியது)
* ஏர் இந்தியாவின் நேரடிச் சேவை தொடங்கியது: 2015 டிசம்பர்

தூரம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

பூமி உருண்டை வடிவில் இருப்பதால், இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதை ஒரு வளைகோடாகும். பூமியின் மையத்தையும் அவ்விரு இடங்களையும் தொட்டுச் செல்லுமாறு உருண்டையை இரண்டாக வெட்டினால், வெட்டின் விளிம்பில் கிடைக்கும் கோடே அந்தப் பாதை. இது ‘பெருவட்டப் பாதை’ எனப்படுகிறது.

டெல்லி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 28.57 பாகையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 77.10 பாகையிலும் அமைந்துள்ளது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் வடக்கு அட்சரேகை 37.62 பாகையிலும், மேற்குத் தீர்க்கரேகை 122.38 பாகையிலும் உள்ளது. இவ்விரு புள்ளிகளும் பூமியின் மையத்தில் உருவாக்கும் கோணம் ஏறத்தாழ 111.3 பாகை. முழு வட்டமான 360 பாகைக்குப் பூமியின் சுற்றளவு சுமார் 40,030 கி.மீ. எனில், 111.3 பாகைக்குக் கிடைப்பது சுமார் 12,380 கி.மீ. பூமி முழுமையான கோளமாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால், வெவ்வேறு இணையதளங்கள் காட்டும் எண்களில் சில கிலோமீட்டர் வேறுபாடு இருப்பது இயல்பே.

இதே முறையில் கணக்கிட்டால் பெங்களூருவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 14,000 கி.மீ.; சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான தூரம் சுமார் 13,900 கி.மீ. ஆகும்.

வரைபடம் காட்டாத பாதை

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் டெல்லியையும் சான் பிரான்சிஸ்கோவையும் நேர்கோட்டால் இணைத்தால், அது வட ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் கடந்து மேற்கு நோக்கிச் செல்லும். அல்லது சீனா, பசிபிக் பெருங்கடல் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும். உண்மையில் மிகக் குறுகிய பாதை இவ்விரண்டும் அன்று. அது வடக்கு நோக்கிச் செல்கிறது.

டெல்லியிலிருந்து வடக்கே சற்றுக் கிழக்காகப் புறப்படும் அந்தக் கோடு, இமாச்சலப் பிரதேசம், லடாக்கின் கிழக்குப் பகுதி, சீனாவின் சின்ஜியாங், அல்தாய் மலைகள், ரஷ்யாவின் மத்திய சைபீரியா ஆகியவற்றைக் கடந்து ஆர்க்டிக் பெருங்கடலை அடைகிறது. அங்கு ஏறத்தாழ 75.6 பாகை வடக்கு அட்சரேகை வரை உயர்ந்து, பின்னர் அலாஸ்கா வழியாக இறங்கி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிச் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்கிறது. உருண்டை வடிவிலான புவிக்கோளத்தின் மீது இரு நகரங்களையும் ஒரு நூலால் இழுத்துக் கட்டினால் இந்த உண்மை உடனே விளங்கும்.

குறுகிய பாதையில் விமானங்கள் ஏன் செல்வதில்லை?

டெல்லியிலிருந்து நேர் வடக்கே பறப்பதற்கு முதல் தடை இமயமலையும் திபெத் பீடபூமியும் ஆகும். திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கு மேல் உள்ளது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், விமானி உடனடியாக ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திற்கு விமானத்தை இறக்க வேண்டும். அந்த உயரத்தில்தான் பயணிகள் முகமூடியின்றிச் சுவாசிக்க இயலும். பயணிகளுக்கான அவசர ஆக்சிஜன் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் திபெத்தில் தரையே அதைவிட உயரமாக இருப்பதால், கீழே இறங்க இடமில்லை. எனவே பெரும்பாலான விமானங்கள் அப்பகுதியைத் தவிர்த்தே செல்கின்றன.

இதனால் டெல்லியிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லும் விமானங்களுக்கு இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று, முதலில் மேற்கே சென்று மத்திய ஆசிய நாடுகளின் மேலாக வடக்கே திரும்புவது. மற்றொன்று, கிழக்கே வங்கம், மியான்மர் வழியாகச் சீனாவுக்குள் நுழைந்து பசிபிக் பெருங்கடலை நோக்கிச் செல்வது. எந்த வழியில் சென்றாலும் பெருவட்டப் பாதையைவிட அதிகத் தூரம் பறந்தே ஆக வேண்டும்.

நீண்ட பாதை, குறைந்த நேரம்

தூரம் அதிகமானால் நேரமும் அதிகமாகும் என்பது தரைவழிப் பயணத்திற்குப் பொருந்தும். வானில் அவ்வாறு இருக்க வேண்டும் என்பதில்லை. பூமியிலிருந்து ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ‘ஜெட் ஸ்ட்ரீம்’ எனப்படும் வேகமான காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் இது மேலும் வலுப்பெறும். ஜப்பானை ஒட்டிய வட பசிபிக் பகுதியில் இதன் வேகம் மிக அதிகமாக இருக்கும்.

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்திற்குப் பின்னாலிருந்து 100 கி.மீ. வேகக் காற்று வீசினால், தரையைப் பொறுத்த அதன் வேகம் 1,000 கி.மீ. ஆகிறது. அதே காற்று எதிரே வீசினால் வேகம் 800 கி.மீ. ஆகக் குறைகிறது. 12,000 கி.மீ. தூரத்தை முதல் விமானம் 12 மணி நேரத்திலும், இரண்டாவது விமானம் 15 மணி நேரத்திலும் கடக்கும். விமானமும் தூரமும் ஒன்றே. வேறுபாடு மட்டும் 3 மணி நேரம்.

இதற்குச் சான்றாக அமைந்தது ஏர் இந்தியாவின் 2016ஆம் ஆண்டு முயற்சி. 2015 டிசம்பரில் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ சேவையைத் தொடங்கியபோது, அந்நிறுவனம் அட்லாண்டிக் பெருங்கடல் வழியாக மேற்கு நோக்கி விமானத்தை இயக்கியது. அப்பாதையின் நீளம் சுமார் 13,900 கி.மீ. பின்னர் 2016 அக்டோபரில் பாதையை மாற்றி, பசிபிக் பெருங்கடல் வழியாகக் கிழக்கு நோக்கி இயக்கியது. போயிங் 777-200 எல்.ஆர். ரக விமானம் அன்று சுமார் 15,300 கி.மீ. தூரத்தை 14.5 மணி நேரத்தில் கடந்து தரையிறங்கியது. அதாவது, 1,400 கி.மீ. கூடுதலாகப் பறந்தும், முந்தைய பாதையைவிட ஏறத்தாழ 2 மணி நேரம் மிச்சமானது. சராசரியாக மணிக்கு 1,055 கி.மீ. வேகம் என்பது பின்காற்றின் துணையின்றி இத்தகைய விமானத்தால் எட்ட இயலாத ஒன்றாகும்.

திரும்பும் பயணத்தில் அட்லாண்டிக் வழியாகவே கிழக்கு நோக்கி வந்ததால், சென்று திரும்பிய விமானம் உலகையே ஒருமுறை சுற்றி வந்தது எனலாம். இவ்வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 8 டன் எரிபொருளை எரிக்கிறது. ஆகவே, 2 மணி நேர மிச்சம் என்பது ஒரு பயணத்திற்குச் சுமார் 15 டன் எரிபொருள் மிச்சமாகும்.

இதனால்தான் நீண்ட தூர விமானங்களுக்கு நிலையான பாதை என்று ஒன்று இல்லை. வானிலைக் கணிப்புகளை ஆராய்ந்து, ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன்னரே அன்றைய பாதை வகுக்கப்படுகிறது.

துருவ வழி

வடதுருவத்தை ஒட்டிய பாதையும் இந்திய விமானங்களுக்குப் புதிதன்று. 2021 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானம், முழுவதும் பெண் விமானிகளைக் கொண்டு, வடதுருவம் வழியாகப் பறந்து ஜனவரி 11 அதிகாலை பெங்களூருவை அடைந்தது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள் அதை இயக்கினர்.

துருவப் பகுதியில் பறப்பதற்குத் தனிப் பயிற்சியும் அனுமதியும் தேவை. வெளியே நிலவும் கடுங்குளிரில் எரிபொருளின் வெப்பநிலையும் படிப்படியாகக் குறையும். அமெரிக்காவில் பரவலாக நிரப்பப்படும் ‘ஜெட் ஏ’ எரிபொருளின் உறைநிலை வரம்பு மைனஸ் 40 பாகை செல்சியஸ். இந்தியா உள்ளிட்ட நாடுகளில் பயன்படும் ‘ஜெட் ஏ-1’ எரிபொருளுக்கு அது மைனஸ் 47 பாகை. எனவே அமெரிக்காவிலிருந்து திரும்பும் விமானத்தின் விமானிகள் எரிபொருளின் வெப்பநிலையைக் கூடுதல் கவனத்துடன் கண்காணிக்க வேண்டியுள்ளது. தேவைப்பட்டால் உயரத்தைக் குறைத்து, சற்று வெப்பமான காற்றடுக்கில் பறப்பர்.

மூடப்படும் வான்வெளிகள்

மலையும் காற்றும் இயற்கையின் தடைகள். அரசுகளின் முடிவுகள் உருவாக்கும் தடைகள் அவற்றைவிடத் திடீரென வருபவை.

2019 பிப்ரவரி 27 அன்று மூடப்பட்ட பாகிஸ்தான் வான்வெளி, ஜூலை 16 வரை முழுமையாகத் திறக்கப்படவில்லை. அக்காலகட்டத்தில் ஜூலை 2 வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டதாக, அப்போதைய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி மாநிலங்களவையில் தெரிவித்தார்.

2022ஆம் ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியதைத் தொடர்ந்து, அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ – டெல்லி நேரடிச் சேவையை நடத்தி வந்த யுனைடெட் ஏர்லைன்ஸ், 2022 மார்ச் மாதத்தில் அதை நிறுத்தியது. இந்திய நிறுவனங்களுக்கு ரஷ்யா தடை விதிக்காததால், ஏர் இந்தியாவின் சேவை தொடர்ந்தது.

பஹல்காம் தாக்குதலுக்குப் பின்னர், 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தனது வான்வெளியை மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு அதே தடையை விதித்தது. இத்தடைகள் பின்னர் மாதந்தோறும் நீட்டிக்கப்பட்டு வந்தன. டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் வழி அடைபட்டதால், வட அமெரிக்காவுக்குச் செல்லும் சில விமானங்கள் எரிபொருள் நிரப்புவதற்காக வியன்னா போன்ற நகரங்களில் இறங்கிச் செல்ல நேர்ந்தது. தடை ஓராண்டு நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவாகும் என ஏர் இந்தியா மதிப்பிட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின. 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி – வாஷிங்டன் சேவையை அந்நிறுவனம் நிறுத்தியதற்குக் கூறிய காரணங்களில், விமானங்கள் பற்றாக்குறையுடன் வான்வெளித் தடையும் ஒன்றாகும்.

இடைவழியில் இறங்க நேர்ந்தால்?

இரண்டு இயந்திரங்கள் கொண்ட விமானங்களே இன்று பெரும்பாலும் நீண்ட தூரப் பாதைகளில் இயங்குகின்றன. ஓர் இயந்திரம் செயலிழந்தாலும், மற்றோர் இயந்திரத்தின் துணையுடன் குறிப்பிட்ட நேரத்திற்குள் சென்றடையக்கூடிய தொலைவில் ஏதேனும் ஒரு விமான நிலையம் எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. இதனால் பயணிகள் பெயரைக்கூடக் கேள்விப்படாத சைபீரிய நகரங்கள், டெல்லி – சான் பிரான்சிஸ்கோ பாதையின் பாதுகாப்பு அரண்களாக விளங்குகின்றன.

2023 ஜூன் 6 அன்று 216 பயணிகள், 16 பணியாளர்களுடன் சென்ற ஏர் இந்தியா விமானம், இயந்திரக் கோளாறு காரணமாக ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதான் நகரில் பத்திரமாகத் தரையிறக்கப்பட்டது. போதிய விடுதி வசதி இல்லாத அந்நகரில் பயணிகள் தற்காலிகத் தங்குமிடங்களில் தங்கவைக்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட மாற்று விமானம் அவர்களை ஜூன் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சேர்த்தது. இதேபோல் 2024 ஜூலை 18 அன்று டெல்லியிலிருந்து 225 பயணிகள், 19 பணியாளர்களுடன் புறப்பட்ட விமானம், சரக்கு அறைப் பகுதியில் கோளாறு இருக்கலாம் என்ற எச்சரிக்கையை அடுத்து, சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகருக்குத் திருப்பிவிடப்பட்டது. இரு நிகழ்வுகளிலும் உயிரிழப்பு ஏதுமில்லை. மிக நீண்ட பாதைகளில் ஒரு சிறிய ஐயம்கூட நாட்கணக்கான தாமதமாக மாறலாம் என்பதை இவை உணர்த்துகின்றன.

கடிகாரக் கணக்கு

பயணச்சீட்டில் அச்சிடப்படும் புறப்பாடு, வருகை நேரங்கள் இரண்டும் அந்தந்த நகரத்தின் உள்ளூர் நேரங்களாகும். அவற்றை நேரடியாகக் கழித்துப் பயண நேரத்தைக் கணக்கிட இயலாது.

எடுத்துக்காட்டாக, கோடைக்காலத்தில் டெல்லியிலிருந்து புதன்கிழமை அதிகாலை 4 மணிக்குப் புறப்படும் விமானம் 16 மணி நேரம் பயணித்தால், இந்திய நேரப்படி அன்று இரவு 8 மணிக்குச் சென்று சேரும். அப்போது சான் பிரான்சிஸ்கோவில் அதே புதன்கிழமை காலை 7.30 மணி. குளிர்காலமாயின் காலை 6.30 மணி. கடிகாரத்தை மட்டும் பார்த்தால், மூன்றரை மணி நேரத்தில் அமெரிக்காவை அடைந்துவிட்டது போலத் தோன்றும்.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. கோடைக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புதன்கிழமை காலை 10 மணிக்குப் புறப்பட்டு 16.5 மணி நேரம் பயணித்தால், டெல்லியை அடைவது வியாழக்கிழமை மாலை 3 மணிக்கு. அமெரிக்காவில் கோடைக்கால நேரம் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறு வரை நடைமுறையில் இருக்கும். இந்தியாவில் அத்தகைய மாற்றம் இல்லை.

மேலும், அட்டவணையில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. புறப்பாட்டு வாயிலிலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், வந்திறங்கிய நிலையத்தின் வாயிலில் நிற்பது வரையிலான முழு நேரமும் அதில் அடங்கும். ஓடுபாதைக்குச் செல்வதும் காத்திருப்பதும் இதில் சேரும்.

ஒரு நிறுத்தப் பயணங்கள்

நேரடி விமானம் கிடைக்காதவர்கள் வேறு நகரங்கள் வழியாகச் செல்லலாம். டெல்லியிலிருந்து துபாய் வழியாகச் சென்றால் மொத்தத் தூரம் சுமார் 15,200 கி.மீ.; பிராங்பர்ட் வழியாகச் சுமார் 15,270 கி.மீ.; சிங்கப்பூர் வழியாகச் சுமார் 17,750 கி.மீ. இவற்றுடன் இடைநிலையத்தில் காத்திருக்கும் நேரமும் சேர்வதால், மொத்தப் பயணம் 20 மணி நேரத்தைத் தாண்டுவது வழக்கம். எனினும், கட்டணம் குறைவாக இருக்கலாம். நடுவில் எழுந்து நடக்கவும் இளைப்பாறவும் வாய்ப்புக் கிடைக்கும்.

சென்னையிலிருந்து செல்வோருக்கு டெல்லி வழி என்பது முதலில் சுமார் 1,760 கி.மீ. வடக்கே சென்று, பின்னர் நீண்ட பயணத்தைத் தொடங்குவதாகும். அவர்கள் வளைகுடா, ஐரோப்பிய, கிழக்காசிய நகரங்கள் வழியான மொத்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

* பயணத்தின் அனைத்துக் கட்டங்களையும் ஒரே முன்பதிவில் பெறுவது பாதுகாப்பானது. தனித்தனியாகப் பெற்றால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்த விமானத்தைத் தவறவிடும் இழப்பு பயணியையே சாரும்.
* ‘நேரடி’ எனக் குறிப்பிடப்படும் விமானமும் இடையில் எரிபொருளுக்காக நிற்கலாம். ‘இடைநில்லா’ விமானமா என்பதை முன்பதிவின்போதே உறுதிசெய்ய வேண்டும்.
* அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடியேற்றச் சோதனை நடைபெறும். அங்கிருந்து வேறு நகரத்திற்குச் செல்வோர், பொதுவாகத் தங்கள் உடைமைகளைப் பெற்று மீண்டும் ஒப்படைக்க வேண்டும். எனவே அடுத்த விமானத்திற்குப் போதிய இடைவெளி தேவை.
* 4 மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணிப்போருக்குக் கால் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காவதாக உலக சுகாதார அமைப்பின் ஆய்வு தெரிவிக்கிறது. அவ்வப்போது எழுந்து நடப்பதும் போதிய நீர் அருந்துவதும் அவசியம். முதியோரும் இதய நோயாளிகளும் முன்கூட்டியே மருத்துவரை அணுக வேண்டும்.
* அன்றாடம் உட்கொள்ள வேண்டிய மருந்துகளைக் குறைந்தது மூன்று நாட்களுக்குப் போதுமான அளவில் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். மகதான் போன்ற நிகழ்வுகளில் சரக்கு அறையிலுள்ள உடைமைகள் உடனே கைக்குக் கிடைக்கும் என எதிர்பார்க்க இயலாது.
* திருமணம், தேர்வு, விசா கெடு போன்ற தவிர்க்க இயலாத நிகழ்வுகளுக்குச் செல்வோர், ஒரு நாளேனும் முன்னதாகச் சென்று சேருமாறு திட்டமிடுவது நன்று.

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான 12,380 கி.மீ. என்ற எண் மாறப்போவதில்லை. ஆனால் காற்றின் திசையும் வான்வெளி அனுமதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால், பயண நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். எனவே முன்பதிவு செய்தபோது கண்ட நேரத்தை மட்டும் நம்பாமல், பயணத்திற்கு முந்தைய நாளிலும் புறப்படும் நாளிலும் விமான நிறுவனத்தின் அறிவிப்பைச் சரிபார்த்துக்கொள்வதே பயணிகளுக்குப் பாதுகாப்பான வழியாகும்.